எல் அலமெயின் போர்ப் படங்கள் உண்மையிலேயே சண்டையின் நடுவே எடுக்கப்பட்டவையா?

எல்லாமே அல்ல. இரண்டாம் உலகப் போரில், 1942 அக்டோபர் 23 அன்று பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் எட்டாம் படை எகிப்தியப் பாலைவனத்தில் எல் அலமெயின் அருகே ஜெர்மானிய, இத்தாலியப் படைகள்மீது தாக்குதலைத் தொடங்கியது இரவு 9.40 மணிக்கு, பீரங்கிகள் கக்கிய தீப்பிழம்பைத் தவிர வேறு அதிகமாக எதையும் அக்காலக் கேமராக்களால் அந்த இருட்டில் பதிவுசெய்ய இயலாது. ஆகவேதான், புகையினூடே துப்பாக்கி ஏந்திப் பாய்ந்தோடும் வீரர்களைப் பகல் வெளிச்சத்தில் காட்டும், பிரிட்டிஷ் ராணுவப் புகைப்படக்காரர் லென் செட்வின் எடுத்த புகழ்பெற்ற படம், உண்மையில் வீரர்களை நடிக்கச் சொல்லி எடுக்கப்பட்டதாகும். காட்சி பொய் என்றாலும், அதில் இருப்பவர்கள் நிஜமான போர்வீரர்களே.

தளவாடப் படங்களை இன்னும் ஐயத்தோடு பார்ப்பது நல்லது. லாரி போலத் தோன்றும் வண்டியின் அடியில் சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டை எட்டிப்பார்த்தால், அது ஜெர்மானிய வேவு விமானங்களை ஏமாற்றக் கித்தான் கூடு போர்த்திய டாங்கியாகவே இருக்கக்கூடும். இரண்டு பாதிகளாகப் பிரிந்து கழன்றுவிடும் அந்தக் கூட்டுக்குச் 'சன்ஷீல்டு' என்று பெயரிட்டிருந்தனர்.