வாளியிலும் உரப்பையிலும் வற்றாளை: கேள்வி பதில்

வன்னியின் பல ஊர்களிலும் வீட்டுத்தோட்டம் செய்யும் எங்கள் குழுவினர், விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னிடம் இம்மாதம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்றும் சொல்லப்படும் வற்றாளையைப் பற்றி மட்டுமே எழுதுவேன். மிளகாய்க்கு இலைச்சுருளல் வந்தவர்கள் தங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போவது நல்லது.

கிளிநொச்சியில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் ஆசிரியை: ஐயா, எங்கள் முற்றம் முழுவதும் சீமெந்து. இருபது லீற்றர் வாளிகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் வற்றாளை வருமா? எந்த மண்ணை நிரப்புவது?

வரும், பிள்ளை. ஆனால் ஒரு வாளிக்கு ஒரு கொடித்துண்டுக்கு மேல் நடாதீர்கள். உரப்பையாக இருந்தால் வாயை மடித்து, ஒன்றரை அடி உயரத்துக்கு மண் நிரப்பி, இரண்டு துண்டுகள் நடலாம். வாளியின் அடியில் விரல் நுழையுமளவுக்கு ஆறேழு துளைகள் இட்டு, மூன்று செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள், ஏனெனில் சீமெந்தோடு ஒட்டியிருக்கும் துளை மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும், நீர் தேங்கிய மண்ணில் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும்.

வயல் மண்ணைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டாம். அது ஈரத்தில் களியாகவும் வெயிலில் கல்லாகவும் மாறிக் கிழங்கைப் பருக்கவிடாது. செம்மண்ணும் மணலும் கலந்ததில் இரண்டு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி அல்லது கழுவிய தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு என்று கலந்தால் போதும். கையில் பிடித்து அழுத்தி விட்டால் உதிர வேண்டும், அதுவே அளவு.

கொடியின் நுனியிலிருந்து ஓரடி நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பகுதி இலைகளை நீக்கி, ஓரிரு நாள் நிழலில் வைத்திருந்து, மூன்று நான்கு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சரித்து நடுங்கள். கொடியை வாளிக்கு வெளியே சீமெந்தின் மீது ஓடவிடலாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படாத மூலையில் வைத்தால் இலைக்கறி கிடைக்குமே தவிரக் கிழங்கு கிடைக்காது. கறுப்பு வாளியாக இருந்தால் தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாளிச் சுவர் சூடேறி வேரை வாட்டும். வெளிப்புறத்தைப் பழைய சாக்கினால் சுற்றிவிடுங்கள்.

கொடியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் பார்த்து எடுங்கள். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு விழுந்த தோட்டத்துக் கொடி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மல்லாவியிலிருந்து: நான்கு மாதமாகிறது. கொடி முற்றத்தை மூடிவிட்டது. தோண்டிப் பார்த்தால் பென்சில் தடிப்பில் வேர்கள் மட்டுமே இருக்கின்றன. கோழி எருவும் மாதம் ஒருமுறை யூரியாவும் இட்டேன்.

குற்றத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். வற்றாளை ஏழை மண்ணின் பயிர். தழைச்சத்து மிகுந்தால் அது இலையையும் கொடியையும் வளர்த்துக்கொண்டே போகும், கீழே சேமித்து வைக்க வேண்டிய தேவை அதற்கு ஏற்படாது. நட்ட முதல் இரண்டு மாதங்களுக்குள்தான் எந்த வேர் கிழங்காகப் பருப்பது, எது வெறும் வேராகவே நிற்பது என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது, அந்தக் காலத்தில் யூரியாவைக் கொட்டியோ, நாள்தோறும் இருவேளை நீரூற்றி மண்ணைச் சேறாக்கியோ விட்டால் பிறகு எதைச் செய்தும் அதை மீட்க முடியாது. வாளியில் இந்தத் தவறு வயலைவிட விரைவாகப் பலிக்கிறது, ஏனெனில் ஊற்றியதும் இட்டதும் வேறெங்கும் போக வழியில்லை.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எல்லாப் பயிரும் தடுமாறியது. என் வீட்டு வற்றாளை தடுமாறவில்லை. அடுத்த முறை நடும்போது மண்ணில் கூட்டெரு கலந்ததோடு நிறுத்துங்கள். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவி மண்ணோடு கிளறினால் கிழங்குக்கு வேண்டிய பொட்டாசியம் கிடைக்கும். இரண்டு கைப்பிடி வேண்டாம். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும், வற்றாளையோ சற்றுப் புளிப்பான மண்ணையே விரும்புகிறது.

புதுக்குடியிருப்பிலிருந்து: கடையில் வாங்கிய கிழங்கு முளைத்திருக்கிறது. அப்படியே வாளியில் புதைக்கலாமா?

முழுக்கிழங்கைப் புதைத்தால் அந்தத் தாய்க்கிழங்கே நார்நாராகப் பெருத்து நிற்கும், புதுக்கிழங்கு அரிதாகவே இறங்கும். ஈரமணலில் பாதி புதைத்து, முளைகள் முக்கால் அடி வளர்ந்தபின் அவற்றை மட்டும் வெட்டி நடுங்கள். அதற்கு முன் கிழங்கின் தோலில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள்.

முள்ளியவளையிலிருந்து: எந்த மாதத்தில் நடுவது?

வயலில் நடுபவர் மழையைக் கேட்டு நட வேண்டும். வாளியில் நடுபவருக்கு அந்தக் கட்டாயமில்லை. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் இளங்கொடியைத் தள்ளாமல், மார்கழிக் கடைசியிலோ தையிலோ நட்டால் சித்திரை, வைகாசியில் கிழங்கெடுக்கலாம். பெரும்பாலான இனங்களுக்கு மூன்றரை முதல் நான்கு மாதம் போதும். வாரியபொல சிவப்பு என்ற இனம் கிடைத்தால் அதை நடுங்கள்.

வவுனியாவிலிருந்து: வற்றாளையுடன் இஞ்சி சேர்த்தால் நஞ்சாகுமாமே?

அந்தப் பேச்சு மரவள்ளியைப் பற்றியது. வற்றாளைக்கு அதில் பங்கில்லை.

ஓமந்தையிலிருந்து: இலை செழிப்பாக இருக்கிறது, கிழங்கில்லை. என்ன உரம் இடலாம்?

மல்லாவிக்காரருக்கு எழுதியதைப் பாருங்கள். எந்த உரமும் வேண்டாம்.

முல்லைத்தீவுக் கடற்கரையை அண்டிய ஊரிலிருந்து: ஐயா, கிழங்கில் சிறுதுளைகள் இருக்கின்றன. அவித்தால் கசக்கிறது. கொடியின் அடியில் செந்நிறமும் கருநீலமும் கலந்த எறும்புகள் ஏறித் திரிகின்றன. எறும்புதான் துளைக்கிறதா?

நீங்கள் கண்டது எறும்பன்று. அதுதான் வற்றாளைக் கூன்வண்டு. அரைச் சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டிய நீளம், மெல்லிய உடல், நடுப்பகுதியும் கால்களும் செம்மஞ்சள், தலையும் பின்பகுதியும் கருநீலம். எறும்பென்று எண்ணிப் பலரும் விட்டுவிடுவார்கள். கொடியின் அடித்தண்டிலும் கிழங்கிலும் அது முட்டையிடும், புழு உள்ளே குடைந்து செல்லும், அந்தக் காயத்துக்கு எதிராகக் கிழங்கே சுரக்கும் பொருளால்தான் கசப்பு ஏற்படுகிறது. சிறிது துளைத்திருந்தாலும் முழுக்கிழங்கும் கசப்பது அதனால்தான்.

இந்த வண்டுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. வெடிப்பு வழியாகத்தான் அது கிழங்கை அடைகிறது. வாளியிலும் பையிலும் மண் காயும்போது சுருங்கி, ஓரத்தில் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விழுகிறதல்லவா, அதுதான் அதன் வாசல். ஆகவே மண்ணை முற்றாகக் காயவிடாமல், வாரத்துக்கு ஒருமுறை ஓரங்களில் மண்ணைத் தள்ளி அழுத்தி, மேலே வைக்கோல் பரப்பிவையுங்கள். வெளியே தலைகாட்டும் கிழங்கை உடனே மண்ணால் மூடுங்கள். முற்றியபின் ‘இன்னும் பருக்கட்டும்’ என்று மண்ணுக்குள் விட்டுவைக்காதீர்கள்.

உங்கள் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. கடற்கரை மணலில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடி வற்றாளையின் இனத்தைச் சேர்ந்தது, கங்குன் கீரையும் அப்படியே. மூன்றின் பூக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். வற்றாளை இல்லாத காலத்தில் வண்டு அவற்றில் தங்கியிருக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள், அந்த மிடுக்கு வண்டுக்கும் சேர்த்துத்தான். வேலியோரத்தில் உள்ளதை அகற்றுங்கள். கரை மணலைப் பிடித்துவைத்திருப்பதைத் தொடாதீர்கள். வண்டு விழுந்த வாளியின் மண்ணை அடுத்த வற்றாளைக்குப் பயன்படுத்தாமல் கத்தரிக்கோ பயற்றைக்கோ கொடுங்கள். கொடி எடுக்கும்போது அடித்தண்டை விட்டு நுனியை மட்டும் எடுங்கள், முட்டை பெரும்பாலும் அடியில்தான் இருக்கும்.

நெடுங்கேணியிலிருந்து: அப்படிக் கசக்கும் கிழங்கை மாட்டுக்குப் போடலாமா?

போடவே கூடாது. வண்டு துளைத்தும் பூஞ்சணம் பிடித்தும் கெட்ட கிழங்கில் உண்டாகும் நச்சுப்பொருள் மாட்டின் நுரையீரலைத் தாக்கும், மூச்சுத்திணறி மாடு இறந்துபோகவும் கூடும். நல்ல கொடியையும் இலையையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தாராளமாகப் போடலாம். கெட்ட கிழங்கை எரியுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள்.

விசுவமடுவிலிருந்து ஒரு மூத்த விவசாயி: தம்பி, நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை கொடியைப் புரட்டிப்போடாவிட்டால் கிழங்கு விழாது. எங்கள் ஐயா காலத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம்.

அண்ணன், சொல்லாமல் விட்டது தெரியாமல் அன்று. ஓடும் கொடி ஈரமண்ணைத் தொடும் கணுக்களிலெல்லாம் வேர்விடும், அங்கங்கே சுண்டுவிரல் கிழங்குகள் இறங்கித் தாய்ப்பகுதியின் உணவைப் பங்குபோடும் என்பது உண்மை. ஆகவே கொடியைத் தூக்கி, கணுவேரைப் பிடுங்கிவிட்டு, இருந்தபடியே மறுபடி கிடத்துவதில் நியாயம் உண்டு. புரட்டிப்போடுவது வேறு காரியம். இலைகள் தலைகீழாகி, மறுபடி வெயிலுக்குத் திரும்பச் சில நாள்கள் வீணாகும், காம்புகளும் முறியும். கிழங்குக்கு மாவை அனுப்புவது இலைதான் என்பதால், இலையை வருத்திக் கிழங்கை வளர்க்க முடியாது.

தருமபுரத்திலிருந்து ஓர் அம்மா: விசுவமடு அண்ணர் சொல்வது சரியன்று. நான் ஒருநாளும் கொடியைத் தொட்டதில்லை. பைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் எடுக்கிறேன்.

விசுவமடு விவசாயி மீண்டும்: பையில் எடுக்கும் ஒரு கிலோவை வைத்துக்கொண்டு அரை ஏக்கர் செய்தவனுக்குப் பாடம் சொல்லக்கூடாது, தங்கச்சி. மணற்பாங்கான நிலத்தில் மார்கழி மழைக்குப் பின் புரட்டாத பாத்தியில் நீங்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும்.

இருவரும் வேறு வேறு நிலத்தில் நின்றுகொண்டு வாதிடுகிறீர்கள். ஈரமணற் பாத்தியில் அண்ணன் காண்பது கணுவேர்; அதைக் கிளப்ப வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தருமபுரத்துத் தங்கையின் கொடி சீமெந்துத் தரையில் ஓடுகிறதென்றால், வேர்விட அங்கே மண்ணே இல்லை, கிளப்பவும் எதுவும் இல்லை. பையை மண்தரையில் வைத்திருப்பவர்கள்தான் இரண்டையும் கவனிக்க வேண்டும்: கொடியும் சுற்றிலும் வேர்விடும், பையின் அடித்துளை வழியாக வேர் கீழே இறங்கித் தரைக்குள்ளும் கிழங்கு வைக்கும். செங்கல் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாங்குளத்திலிருந்து: கொடி நன்றாக இருக்கிறது. ஆனால் கிழங்கு…

யூரியா. மேலே இருமுறை எழுதியாயிற்று.

உருத்திரபுரத்திலிருந்து: உருளைக்கிழங்குக்குச் செய்வதுபோல், கொடி வளர வளரப் பையில் மண்ணை உயர்த்திக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வருமா?

நல்ல கேள்வி, ஆனால் வராது. உருளைக்கிழங்கு நிலக்கீழ்த் தண்டின் நுனி பருப்பதால் உண்டாவது. மண் அணைத்தால் அதற்கு இடம் கிடைக்கும். வற்றாளைக் கிழங்கு பருத்த வேர். நட்டபோது புதைந்த கணுக்களிலிருந்து இறங்கும் வேர்களே நல்ல கிழங்காகின்றன. வெடிப்பை மூடவும் வெளித்தெரியும் கிழங்கை மறைக்கவும் மட்டும் மண் அணையுங்கள்.

செட்டிகுளத்திலிருந்து: நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கிளினிக்கில் கேளுங்கள்.

வட்டக்கச்சியிலிருந்து: முற்றியதை எப்படி அறிவது? எடுத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், நடுப்பகுதி அவித்தாலும் கல்லாக இருக்கிறது.

அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் ஒரு கிழங்கை எடுத்து வெட்டுங்கள். வடியும் பால் கறுக்காமல் வெண்மையாகவே உலர்ந்தால் முற்றிவிட்டது. கருமையாக மாறினால் இரண்டு கிழமை பொறுங்கள். எடுப்பதற்கு ஒரு கிழமை முன்பே நீரை நிறுத்துங்கள். வாளியில் தோண்ட வேண்டியதில்லை, அப்படியே சாக்கின்மேல் கவிழ்த்துவிடலாம். தோலில் காயமில்லாமல் எடுக்க இதைவிட நல்ல வழியில்லை. கழுவாமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஐந்தாறு நாள் பரப்பிவைத்தால் சிறு உரசல்கள் ஆறித் தோல் உறுதிப்படும், இனிப்பும் கூடும். தோண்டிய அன்றே அவித்துவிட்டு இனிப்பில்லை என்பவர்கள் பலர். 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் கிழங்கின் உட்பகுதி கெட்டு, வேகாமல் இறுகும். குளிர்சாதனப் பெட்டி அதற்கு எதிரி.

பரந்தனிலிருந்து: யூரியா எவ்வளவு இடலாம்?

விசுவமடு விவசாயி: தம்பி, பரந்தன்காரருக்கு நானே பதில் சொல்கிறேன்: ஒன்றும் இடக்கூடாது. அதில் நமக்குள் சண்டையில்லை. புரட்டுவதைத்தான் நான் விடமாட்டேன். இந்தத் தை மாதம் என் வளவில் மண்தரையில் பைகள் வைக்கப்போகிறேன்.

வையுங்கள், அண்ணன். ஆறு பைகள் வையுங்கள். இரண்டில் புரட்டுங்கள், இரண்டில் தூக்கிவிட்டு அப்படியே கிடத்துங்கள், இரண்டைத் தொடாதீர்கள். ஆறுக்கும் ஒரே மண், ஒரே வெயில், ஒரே செடியின் நுனிக்கொடி. ஒரே நாளில் கவிழ்த்து, சுண்டுவிரல் கிழங்குகளைத் தனியாகவும் விற்கக்கூடியவற்றைத் தனியாகவும் நிறுத்து அனுப்புங்கள். தருமபுரத்துத் தங்கையும் தன் முற்றத்தில் அதையே செய்யட்டும். கொடியை மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும் முன், அடித்தண்டைக் கீறி உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.