எந்தப் பாயிண்டர் சொந்தம், எது இரவல்? ரெட்லாண்டில் கிராஃப்களைப் பராமரிப்பது

வாசகர் கேள்வி: சி மொழியில் சின்னதாக ஒரு ஆவணக் களஞ்சிய சர்வர் எழுதிக்கொண்டிருக்கிறேன். நூல் விவரங்களை ரெட்லாண்ட் லைப்ரரி மூலம் ஆர்டிஎஃப் ட்ரிப்பிள்களாக (எதைப் பற்றி, எந்தப் பண்பு, என்ன மதிப்பு என்ற மூன்று பகுதித் தகவல்களாக) சேமிக்கிறேன். சர்வர் ஓட ஓட மெமரி ஏறிக்கொண்டே போகிறது. சரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஃப்ரீ செய்தால் டபுள் ஃப்ரீ (ஒரே மெமரியை இரண்டு முறை விடுவித்தல்) என்று கிராஷ் ஆகிறது. இது போதாதென்று, ஒரு நூலின் தலைப்பைத் திருத்தினால் பழைய தலைப்பும் சேர்ந்தே வருகிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில்: மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எது யாருடையது என்று உங்கள் நிரலில் முடிவாகவில்லை. முதல் இரண்டில் பாயிண்டர் யாருடையது என்ற குழப்பம்; மூன்றாவதில் ட்ரிப்பிள் எந்த ஆவணத்துடையது என்ற குழப்பம். மெமரியை முதலில் பார்த்துவிடலாம்.

ரெட்லாண்டை டேவ் பெக்கெட் 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கினார். டர்டில் (ஆர்டிஎஃப்பை எழுதும் ஒரு உரை வடிவம்) போன்ற கோப்புகளைப் படிக்க ராப்டர், ஸ்பார்க்கிள் என்ற ஆர்டிஎஃப் வினவல் மொழிக்கு ராஸ்கல், இவற்றின் மேல் கிராஃபையும் (ட்ரிப்பிள்களின் தொகுப்பு) அதைச் சேமிக்கும் கிடங்கையும் பார்த்துக்கொள்ள லிப்ஆர்டிஎஃப். சுத்தமான சி என்பதால் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியைத் தானாக விடுவிப்பது) கிடையாது. ஒவ்வொரு ஃபங்ஷனும் கையில் கொடுப்பது சொந்தமா இரவலா என்பதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும். சொந்தம் என்றால் நீங்கள் ஃப்ரீ செய்தாக வேண்டும். இரவல் என்றால் தொடக்கூடாது. வைத்துக்கொள்ள வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆவணத்தில் 'ஷேர்டு' என்று எழுதியிருப்பதெல்லாம் இரவல்தான்.

உங்கள் டபுள் ஃப்ரீ அநேகமாக இப்படி வந்திருக்கும். ஒரு நூலுக்குத் தலைப்பு சேர்க்க மூன்று நோடு (ட்ரிப்பிளின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று) உருவாக்குகிறீர்கள்: நூலின் யுஆர்ஐ (இணைய முகவரி போன்ற அடையாளம்), நூல் விவரங்களுக்கான பொதுச் சொல்தொகுதியான டப்ளின் கோரின் 'டைட்டில்' பண்பு, தலைப்பு என்ற லிட்டரல் (வெறும் உரை மதிப்பு). மூன்றையும் 'நியூ ஸ்டேட்மெண்ட் ஃப்ரம் நோட்ஸ்' ஃபங்ஷனிடம் கொடுக்கிறீர்கள். அந்த நொடியிலேயே மூன்று நோடும் கைமாறிவிட்டன. இனி அவை ஸ்டேட்மெண்ட்டின் (ரெட்லாண்டில் ட்ரிப்பிளுக்கு இதுதான் பெயர்) சொத்து. அடுத்து, அதை மாடலில் (ரெட்லாண்டில் கிராஃபைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) சேர்க்க 'மாடல் ஆட் ஸ்டேட்மெண்ட்' அழைக்கிறீர்கள். இது நேர்மாறு. ஸ்டேட்மெண்ட்டை எடுத்துக்கொள்ளாது, தனக்கென்று நகல் எடுத்துக்கொள்ளும், மூலத்தை உங்களிடமே விட்டுவிடும். ஆகவே ஸ்டேட்மெண்ட்டை நீங்கள் ஃப்ரீ செய்ய வேண்டும், நோடுகளைச் செய்யக்கூடாது. ஸ்டேட்மெண்ட்டை மறந்தால் லீக் (மெமரி விடுபடாமல் தங்கிவிடும்). நோடுகளையும் சேர்த்து ஃப்ரீ செய்தால் கிராஷ். நீங்கள் இரண்டையும் மாறி மாறிச் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. 'மாடல் ஆட்' என்ற குட்டை ஃபங்ஷன் மூன்று நோடுகளை நேரடியாக வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் அவை மாடலுடையவை. அங்கே ஃப்ரீ செய்ய எதுவுமே இல்லை. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், விதி முழுக்க வேறு.

ஒரே நூலுக்குப் பத்து ட்ரிப்பிள் சேர்க்கும்போது அந்த நூலின் நோடு பத்துத் தடவை வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் 'நியூ நோடு ஃப்ரம் நோடு' மூலம் பிரதி எடுத்துக் கொடுங்கள். செலவு பற்றிக் கவலை வேண்டாம். பிந்தைய பதிப்புகளில் இது உண்மையில் எதையும் நகலெடுப்பதில்லை, உள்ளே ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கு) ஒன்று கூட்டுவதோடு சரி. கடைசியில் உங்களிடம் இருக்கும் அந்த முதல் நோடை மட்டும் ஒரு முறை ஃப்ரீ செய்யுங்கள்.

படிக்கும் பக்கம் இதைவிட வழுக்கலானது. 'கெட்' என்று தொடங்கினால் இரவல் என்று மனப்பாடம் செய்தவர்கள் 'மாடல் கெட் டார்கெட்'டில் மாட்டிக்கொள்வார்கள். அது புதிய நோடைத் தரும், ஃப்ரீ செய்தாக வேண்டும். 'ஸ்டேட்மெண்ட் கெட் ஆப்ஜெக்ட்' தருவது இரவல். இட்டரேட்டரிலிருந்து (விடைகளை ஒவ்வொன்றாகத் தருவது) எடுக்கும் ஆப்ஜெக்டும் இரவல். ஸ்பார்க்கிள் விடையிலிருந்து எடுக்கும் 'பைண்டிங் வேல்யூ' மறுபடியும் சொந்தம். யுஆர்ஐயைச் சரமாக மாற்றும்போது மட்டும் பெயரே காட்டிக்கொடுக்கும்: 'ஆஸ் ஸ்ட்ரிங்' என்றால் இரவல், 'டு ஸ்ட்ரிங்' என்றால் சொந்தம். மற்றவற்றுக்கு ஆவணத்தைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நான் சொல்வது: லைப்ரரியை நேரடியாகத் தொடும் இடங்களை ஒரே கோப்பில் அடைத்துவிடுங்கள். அந்தக் கோப்பிலிருந்து வெளியே போகும் எதுவும் சொந்தமாகத்தான் போகும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து பதினைந்து ஃபங்ஷனுக்குள் முடிந்துவிடும்.

மெமரி மெல்ல மெல்ல ஏறுவதற்கு ஸ்ட்ரீம்களையும் (ஸ்டேட்மெண்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தரும் வரிசை) சந்தேகப்படுங்கள். தேடல் ஒரு ஸ்ட்ரீமைத் தரும். சுழலுக்குள் அதன் நடப்பு ஸ்டேட்மெண்ட் இரவல், 'நெக்ஸ்ட்' சொன்னதும் செல்லாது. வேண்டியது கிடைத்ததும் சுழலின் நடுவிலேயே ரிட்டர்ன் போட்டுவிட்டால் ஸ்ட்ரீம் அப்படியே கிடக்கும். எதைத் தேடுவது என்று காட்டக் கொடுத்த ஸ்டேட்மெண்ட்டும் உங்களுடையதே, அதையும் ஃப்ரீ செய்ய வேண்டும். வெளியேறும் வழி ஒன்றே ஒன்று இருக்கும்படி, 'கோட்டு' (goto, குறித்த இடத்துக்குத் தாவும் கட்டளை) போட்டு ஃபங்ஷனின் கடைசியில் சுத்தம் செய்யுங்கள். கோட்டு என்றாலே முகம் சுளிப்பவர்கள் சியில் அதிகம் எழுதாதவர்கள். அப்புறம், ஸ்ட்ரீம் திறந்திருக்கும்போது அதே மாடலில் எதையும் நீக்காதீர்கள். நீக்க வேண்டியவற்றை முதலில் நகலெடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஸ்ட்ரீமை மூடிய பிறகு நீக்குங்கள்.

சரி, பழைய தலைப்பு ஏன் கூடவே வருகிறது? ஆர்டிஎஃப்பில் 'திருத்து' என்று ஒரு செயலே இல்லை. புதிய தலைப்பைச் சேர்த்தால் நூலுக்கு இரண்டு தலைப்பு, அவ்வளவுதான். ஒரு நூலுக்கு இரண்டு தலைப்பு இருப்பது முறையான தரவு என்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. பழையதைத் தேடிப் பிடித்து நீக்கலாம்தான். ஆனால் அது சேர்ந்த ஆவணம் எது, பக்கத்து ஆவணமும் இதே ட்ரிப்பிளைச் சொல்கிறதா என்பதெல்லாம் வெறும் ட்ரிப்பிளில் தெரியாது.

இதற்குத்தான் பெயரிட்ட கிராஃப். 2014-இல் வந்த ஆர்டிஎஃப் 1.1 இதை முறைப்படி வரையறுத்தது. ரெட்லாண்டில் இதற்குப் பெயர் கான்டெக்ஸ்ட். களஞ்சியத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு கிராஃப், அந்த ஆவணத்தின் யுஆர்ஐயே கிராஃபின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ப்பதும் தேடுவதும் நீக்குவதும் எப்போதும் கான்டெக்ஸ்ட் சொல்லியே நடக்கட்டும். ஒரு கான்டெக்ஸ்டை மொத்தமாகக் காலி செய்ய ஒரே அழைப்பு போதும். ஆர்டிஎஃப் ஆவணங்களை எச்டிடிபி வழியே கையாளும் விதிகளைச் சொல்லும் லிங்க்டு டேட்டா பிளாட்ஃபார்ம் பரிந்துரையும் (2015) இதையே எதிர்பார்க்கிறது: ஏற்கெனவே உள்ள ஆர்டிஎஃப் ஆவணத்தின் மேல் வரும் புட் (PUT, ஆவணத்தை மாற்றி வைக்கும்) கோரிக்கையை ஏற்றால், ஆவணத்தின் முழு நிலையையும் புதியதால் மாற்ற வேண்டும்.

கிடங்கைத் திறக்கும்போதே கான்டெக்ஸ்ட் விருப்பத்தை 'யெஸ்' என்று கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்டெக்ஸ்ட் ஆதரவின்றி உருவான கிடங்கு இது என்று எச்சரிக்கை வரும், ட்ரிப்பிள் சேராது. ரிட்டர்ன் மதிப்பைப் பார்க்காத நிரலுக்கு இது தெரியவே தெரியாது. கான்டெக்ஸ்ட் இல்லாமல் உருவாக்கிய பழைய பெர்க்லி டிபி (கோப்பில் சேமிக்கும் தரவுத்தளம்) கிடங்கில் விருப்பத்தை மட்டும் மாற்றி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். தரவை வெளியே எழுதி, புதிய கிடங்கில் ஏற்றுங்கள். அதே விருப்பச் சரத்தில் 'நியூ' என்பதையும் கவனியுங்கள். அதை 'யெஸ்' என்று விட்டுவைத்தால், சர்வர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பழைய கிடங்கு அழிந்து புதிதாக உருவாகும். மாதிரி நிரல்களில் அது சகஜம், அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

ஒரு ஆவணத்தை மாற்றும் வரிசை முக்கியம். முதலில் கிராஃபைக் காலி செய்துவிட்டு, அப்புறம் வந்த டர்டிலைப் படிக்கத் தொடங்கினால், நடுவில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால்கூட ஆவணம் பாதியில் நிற்கும். எனவே வந்ததை மெமரிக் கிடங்கு ஒன்றில் தற்காலிக மாடலாகப் படித்துக்கொள்ளுங்கள். பார்சர் பிழையின்றி முடித்தால் மட்டும் பழைய கான்டெக்ஸ்டைக் காலி செய்து, தற்காலிக மாடலின் ஸ்ட்ரீமை அந்தக் கான்டெக்ஸ்டில் சேருங்கள். டிரான்சாக்ஷன் (பல மாற்றங்கள் எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற ஏற்பாடு) எல்லாக் கிடங்கிலும் வேலை செய்யாது. தொடங்கும் அழைப்பு பூஜ்யம் தராவிட்டால் இல்லை என்று பொருள். பெர்க்லி டிபியானால் கடைசியில் 'மாடல் சிங்க்' அழைப்பதும் நல்லது. இரண்டு பேர் ஒரே ஆவணத்தைத் திருத்தும் சாத்தியம் இருந்தால் இடேக் (ஆவணத்தின் நடப்புப் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) பாருங்கள். பொருந்தாவிட்டால் 412 என்ற எச்டிடிபி பிழைக் குறியீடு, இஃப்-மேட்ச் (கோரிக்கையில் இடேக்கைச் சொல்லும் ஹெடர்) கட்டாயம் என்று வைத்து அது வராவிட்டால் 428 என்று லிங்க்டு டேட்டா பிளாட்ஃபார்ம் பரிந்துரையே சொல்கிறது.

பிளாங்க் நோடுகளை (யுஆர்ஐ இல்லாத நோடுகள்) முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். ஒரே டர்டில் கோப்பை இரண்டு முறை படித்தால் அதிலுள்ள பிளாங்க் நோடுகளுக்கு இரண்டு முறையும் வெவ்வேறு அடையாளம் கிடைக்கும். பழையதை நீக்காமல் மறுபடி ஏற்றினால் அவை இரட்டிப்பாகும். வெளியிலிருந்து அவற்றைச் சுட்டவும் முடியாது. பதிப்பக முகவரி போன்ற உட்பொருளுக்கு, ஆவண யுஆர்ஐயின் பின்னால் ஹேஷ் குறியும் ஒரு பெயரும் ஒட்டிய அடையாளம் கொடுத்துவிடுங்கள். கிராஃபோடு சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும்.

நிரல் முடியும்போது உருவாக்கியதற்குத் தலைகீழ் வரிசையில் மூடுங்கள்: வினவல் விடை, வினவல், மாடல், கிடங்கு, கடைசியாக வேர்ல்டு (லைப்ரரியின் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஆப்ஜெக்ட்). வேர்ல்டை முதலில் மூடிவிட்டால் மற்றவை காலடியில் தரையில்லாமல் நிற்கும். பல த்ரெட் வைத்திருந்தால் ஆளுக்கொரு வேர்ல்டு கொடுங்கள்.

இதையெல்லாம் மாற்றுவதற்கு முன் வால்கிரைண்டில் (மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி) முழு லீக் பரிசோதனையோடு ஒரு தடவை ஓட்டி, அறிக்கையை எடுத்து வையுங்கள். ஒரே நூலை ஆயிரம் தடவை திருத்தும் சின்னச் சோதனை நிரல் ஒன்று போதும். லீக்கான மெமரியை ஒதுக்கிய அழைப்பு வரிசையில் ஸ்டேட்மெண்ட் தெரிந்தால் சேர்க்கும் பக்கத்தைத் தோண்டுங்கள், ஸ்ட்ரீம் தெரிந்தால் தேடும் பக்கத்தை.