எந்த இடத்தில் செத்தாய்?

அன்புள்ள அண்ணாச்சி,

ஆரியங்காவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. நான் பி.காம். முடித்துவிட்டு புனலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்ற வீடியோ கேம் ஆடுகிறேன். அதில் லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம், அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியிடம், வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டேன். கடைசியில், விழும் அடியைக் குறைக்கிற ஒரு 'மாட்' (கேமை மாற்ற வெளியாட்கள் செய்து தரும் சின்ன நிரல்) இறக்கிப் போட்டுத்தான் தாண்டினேன். குரூப்பில் சொன்னதும் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். "அப்போ நீ ஜெயிச்சதாவே கணக்கு இல்ல" என்கிறார்கள்.

கேம் விற்கிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் விமர்சனங்களைப் படித்தால் குழப்பம் கூடுகிறது. ஒருவர் தன் வாழ்நாளில் ஆடியதிலேயே சிறந்த கேம் என்கிறார். அடுத்தவர், இதைச் செய்தவர்களுக்கு ஆடுகிறவன் மேல் வெறுப்பு என்கிறார். இருவருமே நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள். யாரை நம்புவது? நானும் ஒரு விமர்சனம் போட்டேன்: "கிராபிக்ஸ் சூப்பர். மியூசிக் வேற லெவல். கண்ட்ரோல் மோசம். அநியாயமான கேம்." ஒருவரும் சீண்டவில்லை.

மாட் போட்டு ஆடியது தப்பா? வீடியோ கேம் ஒரு கலையா? இருபத்தாறு வயதில் இதில் நேரம் செலவழிப்பது சரியா? இலக்கியம் எழுதுகிற உங்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
ஆரியங்காவு

அன்புள்ள தம்பி,

கூச்சப்பட ஒன்றுமில்லை. நானும் சில்க்சாங் ஆடுகிறவன்தான். 2019 பிப்ரவரியில் அறிவித்து, ஆறரை ஆண்டு காக்கவைத்து, 2025 செப்டம்பர் 4 அன்று அது வெளிவந்தபோது கூட்டம் தாங்காமல் இணையக் கடைகளே திணறின. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழு செய்த விளையாட்டு. அன்றிலிருந்து ஆட்டக்காரர்களின் கருத்துகளைப் படித்துக்கொண்டே வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனசை அறுத்துக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்ததும் அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கலையா என்ற கேள்வியை விடு. அதற்குப் பதில் கிடைத்தாலும் உனக்கோ எனக்கோ ஆட்டத்தில் எதுவும் கூடிவிடப்போவதில்லை. வயசுக் கேள்வியும் வேண்டாம். பகலெல்லாம் கணக்கு எழுதி வீட்டுக்குப் பணம் கொடுக்கிற பையன், ராத்திரி ஒரு மணி நேரம் விளையாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் உன் விமர்சனத்தின் மேல்தான். நான்கு வாக்கியம் எழுதியிருக்கிறாய். அவற்றை எடுத்து உலகத்தில் எந்த விளையாட்டின் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் அந்த உலகத்துக்குள் ஓடி, விழுந்து, செத்து எழுந்தவன் எழுதிய வாக்கியமா இது? கடைக்கு ஒரு நாள் சரக்கு வந்தால், எந்த மூட்டை, எத்தனை கிலோ, எதில் ஓட்டை என்று எழுதாமல் 'சரக்கு மோசம்' என்று மட்டும் கணக்கில் எழுதுவாயா?

'கண்ட்ரோல் மோசம்' என்கிறாய். எந்தப் பட்டன்? எப்போது? நீ சொல்லாததால் நானே யூகிக்கிறேன். 2017-இல் வந்த முதல் ஹாலோ நைட்டையும் நீ ஆடியிருப்பாய். அதில் அந்தக் குட்டி வீரன் அந்தரத்தில் இருந்து கீழே வெட்டினால் நேர் கீழே வெட்டுவான். பூச்சியின் தலைக்கு மேலே வந்ததும் பட்டனைத் தட்டினால் போதும், அதன்மேல் துள்ளித் துள்ளிப் போகலாம். சில்க்சாங்கில் நாம் ஆடும் நாயகி ஹார்னெட் ஆரம்பத்தில் அப்படி வெட்டுவதில்லை. ஊசியை நீட்டிக்கொண்டு சாய்வாகப் பாய்கிறாள். பழைய பழக்கத்தில் நேர் மேலே வந்து தட்டினால், குறியைத் தாண்டிப் போய் முள்ளில் விழுவாள். கொஞ்சம் தள்ளி இருக்கும்போதே தட்ட வேண்டும். பிறகு சண்டை போடும் பாணியை மாற்றுகிற வேறு கிரெஸ்ட் (சின்னம்) கிடைத்து அதை மாட்டிக்கொண்டால் கீழ்வெட்டின் விதம் மாறிவிடும். இதைத்தான் நீ 'மோசம்' என்றாயா? அப்படியானால் இதையே எழுதியிருக்கலாமே. 'முதல் ஆட்டத்தில் பழகிய கை முதல் சில மணி நேரம் ஏமாறும், தள்ளி நின்று தட்டப் பழகு' என்று நீ எழுதியிருந்தால், நாளைக்கு இதை வாங்கப்போகிற தென்காசிப் பையனுக்கு அது உதவியிருக்கும்.

'அநியாயம்' என்பதும் அப்படித்தான். அநியாயம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் கணக்கோடு சொல். கணக்கு உன் தொழில். ஹார்னெட்டுக்குத் தொடக்கத்தில் ஐந்து மாஸ்க், அதாவது உயிர்ப் புள்ளி. பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பறிக்கிறார்கள். மூன்றாவது அடியில் சாவு. சரி, ஊர் ஊராகத் தேடி நான்கு துண்டு சேர்த்து ஆறாவது மாஸ்க் வாங்குகிறாய். இரண்டு இரண்டாகப் பறிக்கிறவனிடம் அப்போதும் மூன்றாவது அடியில்தான் சாகிறாய்! அத்தனை உழைப்பும் அந்த எதிரி முன்னால் ஒன்றும் இல்லாமல் போகிறது. இதைச் சில ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். படித்தபோது கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பழைய வீரன் நின்ற இடத்தில் நின்றுதான் காயத்தை ஆற்ற முடியும். ஹார்னெட் அந்தரத்திலேயே பட்டு நூலைச் சுற்றி ஒரே மூச்சில் மூன்று மாஸ்க் மீட்டுக்கொள்வாள். நடுவில் அடி விழுந்தால் அந்த நூல் வீண். ஆக, இந்த ஆட்டம் பொறுமையைவிட அவசரத்தில் கலங்காத கையைக் கேட்கிறது. ஓடிக்கொண்டே, பறந்துகொண்டே, எந்த அரை நொடி பத்திரமானது என்று பார்க்கச் சொல்கிறது. ஒருவருக்கு அது சொர்க்கம், இன்னொருவருக்கு நரகம். நீ பார்த்த அந்த இரண்டு விமர்சகர்களும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எதைப் பார்த்தோம் என்று இரண்டு பேருமே எழுதவில்லை.

இப்படிப் பேசத் தெரிந்த ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பழைய டிவிகள், நிண்டெண்டோவைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். மணிக்கு இவ்வளவு என்று காசு. நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவர்களைவிடப் பின்னால் நிற்கிறவர்கள் எப்போதும் அதிகம். அவர்களில் ஒரு அண்ணன், உன் ஊர்ப் பக்கம்தான். மண்டியில் சுமை இறக்கிவிட்டு, சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தால் கடைக்குள் வந்து சுவரோரம் நிற்பார். அப்போது மீட்டர் கேஜ். 1904-இலிருந்து மலையைக் குடைந்து ஓடிய பாதை. 2010-இல் அகலப்பாதைக்காக நிறுத்தி 2018-இல்தான் மறுபடி திறந்தார்கள். அதனால் நீ பெரும்பாலும் புது வண்டியைத்தான் பார்த்திருப்பாய். 1956 வரை செங்கோட்டையும் ஆரியங்காவும் ஒரே ஆட்சியில் இருந்தவை. சந்தைக்கும் சாமானுக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே இறங்கி வருவது பிறகும் விடவில்லை.

அவர் கையில் பட்டனைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் காசு இருந்தால் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போவார். ஆனால் அவர் கண் திரையில் இருக்காது, ஆடுகிறவன் விரலில் இருக்கும். சூப்பர் மாரியோவில் ஒரு பள்ளத்தில் நான் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்த பையன்கள் "இப்ப குதி, இப்ப குதி" என்று கத்தினார்கள். அவர் மட்டும் மலையாளம் கலந்த குரலில் மெதுவாகச் சொன்னார்: "குதிக்கிற இடம் சரிதான். விரலை வேகம் எடுத்துடுற. மேல போய்ச் சேருற வரைக்கும் அமுக்கியே வை." 1985-இல் வந்த அந்த விளையாட்டில், பட்டனை எவ்வளவு நேரம் அமுக்குகிறோமோ அவ்வளவு உயரம் தாவல். எங்களில் யாருக்கும் அது தெரியாது. விளக்கப் புத்தகம் எதுவும் அந்த நகல் பெட்டிகளோடு வரவில்லை. அவர் பின்னால் நின்று, பார்த்தே கண்டுபிடித்திருந்தார்.

கான்ட்ரா என்ற இன்னொரு விளையாட்டில் அருவியில் ஏறுகிற ஒரு கட்டம் வரும். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால், முன்னால் போகிறவன் அவசரப்பட்டு மேலே ஏறியதும் படமும் மேலே நகர்ந்துவிடும். கீழே நின்றவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். அங்கே நண்பர்களுக்குள் அடிதடியே நடக்கும். "அவன் செத்தது அவனால இல்ல. நீ ஏறினதால" என்று முன்னால் போனவனிடம் அவர்தான் சொன்னார். இன்னொரு நாள் ஒரு சின்னப் பையன் ஒரே இடத்தில் விழுந்து அழுதபோது, கடைக்காரரைக் கூப்பிட்டு, "இவன் அமுக்குறான், பட்டன் ஏற்கல. ரப்பர் தேஞ்சிருக்கு" என்றார். கழற்றிப் பார்த்தால் உண்மைதான். கடைக்காரர் வேறு பேட் கொடுத்து, போன நேரத்தையும் கழித்துவிட்டார்.

கையின் தப்பு எது, பட்டனின் தப்பு எது, ஆட்டத்தின் தப்பு எது என்று பிரித்துச் சொன்னார் அவர். கருத்து என்றால் எனக்கு அன்றிலிருந்து அதுதான். சூப்பர் என்றோ மோசம் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இன்று நம் கையில் கட்டை விரல் மட்டும்தான் இருக்கிறது, மேலே அல்லது கீழே. ஆயிரம் கட்டை விரல்களைக் கூட்டி ஸ்டீம் ஒரு சதவீதம் போடுகிறது. அந்தச் சதவீதத்துக்குள், எவன் எந்த முள்ளில் எதற்காக விழுந்தான் என்பது காணாமல் போய்விடுகிறது. அதுதானே நமக்கு வேண்டியது?

இதை அழகாகப் புரிந்துகொண்டவர்கள் எட்மண்ட் மக்மில்லனும் டாமி ரெஃபனஸும். 2010-இல் அவர்கள் வெளியிட்ட சூப்பர் மீட் பாய் என்ற விளையாட்டில் ஒரு கட்டத்தை முடித்ததும், அதில் நீ செத்த அத்தனை முயற்சிகளும் ஒரே நேரத்தில் திரையில் ஓடும். ஒரு கூட்டமே புறப்படும். ரம்பத்தில் பாதி போகும், அடுத்த தாவலில் மீதியில் பாதி போகும், கடைசியில் ஒருவன் மட்டும் போய்ச் சேருவான். எங்கே கூட்டம் குறைந்ததோ அங்கேதான் உன் கை பலவீனம். நீ எழுதுகிற விமர்சனம் அதைக் காட்ட வேண்டும்.

பெயர் சொல்லி எழுதினால் வேலையும் நடக்கிறது. சில்க்சாங் வெளியான மாதத்திலேயே வந்த திருத்தத்தில் மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு பாஸ்களைக் கொஞ்சம் இளக்கினார்கள், மணல் பூச்சிகளின் அடியைக் குறைத்தார்கள். 'அநியாயமான கேம்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதைத் திருத்த முடியும்?

உன் நண்பர்களிடமும் இதைச் சொல். 'கணக்கே இல்ல' என்று சிரிப்பதும் உன் நான்கு வாக்கியம் போலத்தான், எந்த இடத்தையும் சுட்டாத பேச்சு. அவர்களில் ஒருவனாவது அந்த லாஸ்ட் ஜட்ஜிடம் உன் கை எங்கே தவறுகிறது என்று கேட்டானா? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானா? அது நட்புக்கு அழகு இல்லை.

அப்புறம், மாட். 2018-இல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டு இதே வேகம், இதே முள். ஆனால் செத்த அடுத்த கணமே அதே அறையில் எழுந்து நிற்கலாம். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் ஒரு கண்ணிமைப்பு நேரத்துக்குள் தட்டினால் தாவலை ஏற்றுக்கொள்ளும். அதோடு, வேகத்தைப் பாதி வரை குறைக்கவும், சாகாமல் ஆடவும் விளையாட்டுக்குள்ளேயே வசதி வைத்தார்கள். அங்கே செய்தவர்களே கொடுத்ததை இங்கே நீ வெளியிலிருந்து எடுத்துக்கொண்டாய். தப்பு ஒன்றுமில்லை, அதற்காக ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் எழுதும்போது மாட் போட்டதை மறைக்காதே. அடி குறைந்தபோது உனக்கு என்ன தெரிந்தது, முன்பு எது தெரியாமல் இருந்தது என்று எழுது. போடாதவனுக்கு அது தெரியாது.

ஆகவே அந்த விமர்சனத்தை அழித்துவிட்டுத் திரும்ப எழுது. செத்தபின் எழுந்திருக்கும் பெஞ்சிலிருந்து லாஸ்ட் ஜட்ஜின் வாசல் வரை மணல் காற்றில் ஓடுகிற நீண்ட வழியில் எங்கே மாஸ்க்கை இழந்தாய், கதவு திறக்கும்போது கையில் எத்தனை மிச்சம் இருந்தது, தீப்பற்றிய தூபக்கலசத்தை அந்த ஜட்ஜ் சங்கிலியில் சுழற்றும்போது மேலே போனாயா, பின்னால் போனாயா, ஜட்ஜ் செத்து விழுந்ததும் வெடிக்கும் என்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றாயா என்று ஒவ்வொன்றாக எழுது. உன் ஊர்ப் பேச்சிலேயே எழுது, மலையாளம் கலந்தாலும் பரவாயில்லை. எனக்கு அனுப்பு, இங்கே போடுகிறேன். பெயர் போடலாமா என்பதை மட்டும் தனியாகச் சொல்.

அன்புடன்,
அண்ணாச்சி