கேடயம்: அளவு, எடை, மரம், தோல் (கேள்வி பதில்)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அண்ணா, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் நம் ஆட்டத்தில் என் கேரக்டருக்கு மூன்றடி வட்டக் கேடயம், ஒரு அங்குலத் தேக்கு. கேரக்டரின் விவரம் எழுதும் ஷீட்டில் எடை 3 கிலோ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பதில்: பத்து கிலோ தாண்டும். ஆரம் × ஆரம் × 3.14 × தடிமன், எல்லாம் சென்டிமீட்டரில். வருவதை மரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 45 × 45 × 3.14 × 2.5 போட்டால் 15,900. தேக்குக்கு 0.65 வைத்தால் 10.3 கிலோ.

மூன்றடி சரிதான், தடிமன்தான் தப்பு. நார்வேயில் 1880-இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் 64 கேடயங்கள் இருந்தன. விட்டம் சுமார் 94 செ.மீ., எல்லாம் மெல்லிய பைன் பலகை. உங்கள் கதை நம் பக்கம் நடப்பதால் தேக்கையே வைத்துக்கொண்டு 8 மி.மீ. ஆக்குங்கள். மரம் 3.3 கிலோ. நடுவில் 8, விளிம்பில் 5 என்று இழைத்துவிட்டால் இன்னும் 800 கிராம் போகும். இரும்புக் குமிழ், கைப்பிடி, தோல் சேர்த்து 4 கிலோ என்று எழுதுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து: முழுக்க இரும்பில் செய்தால்?

பதில்: அடர்த்தி 7.85. இரண்டடி வட்டம், 2 மி.மீ. தகடு என்றால் 4.4 கிலோ. அதையே ஒன்றரையடி, ஒன்றரை மி.மீ. ஆக்கினால் 1.9 கிலோதான். வட இந்திய டால் கேடயத்தில் நான்கு குமிழ் இருக்கும், படம் வரைகிறவர்கள் அதை வெறும் அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். உள்பக்கக் கைப்பிடி வளையங்களின் ஆணித்தலை அதற்கடியில்தான் இருக்கிறது.

மீனாட்சிபுரத்திலிருந்து: களரி வீரனுக்கு வாளும் பரிசை என்ற கேடயமும் கொடுத்திருக்கிறேன். கேடயம் எவ்வளவு காக்கும் என்பதற்கு ஷீட்டில் போடும் பாதுகாப்பு எண், அம்புக்கும் அதேதானா?

பதில்: வேண்டாம். பரிசை சிறிய வட்டம், வாளைத் தடுத்துத் தள்ளவும் கையைக் காக்கவும்தான். நேருக்கு நேர் சண்டையில் பாதுகாப்பு எண் முழுதாக, அம்புக்குப் பாதி.

சித்தூரிலிருந்து: ஆட்டம் ஆடி மழையில் நடக்கிறது. கேடயம் நனைந்தால் என்ன ஆகும்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை. பதனிடாத பச்சைத்தோல் ஈரத்தில் ஊறித் தொளதொளவென்று ஆகிவிடும். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை இளகும், பலகைகள் இணைப்பில் விட்டுப்போகும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் இன்னும் மோசம். காயும் தோல் சுருங்கி, பலகையை இழுத்து வளைத்துவிடும். நான் சொல்லும் விதி: ஒரு நாள் முழுக்க நனைந்தால் பாதுகாப்பு எண்ணில் 1 குறையட்டும். நிழலில் இரண்டு நாள் உலர்த்தினால் திரும்பி வரட்டும். வெயிலில் உலர்த்தினால் அந்த 1 போனது போனதுதான். தோலுறை வாங்கியவனுக்கு இது எதுவும் கிடையாது. ரோமப் படைவீரர்களும் வழிநடையில் கேடயத்துக்கு உறை போட்டே தூக்கிப்போனார்கள்.

கோபாலபுரத்திலிருந்து: எத்தனை அடிக்கு உடையும்?

பதில்: அடியை எண்ணாதீர்கள், மர ரேகையைப் பாருங்கள். ஒரே திசையில் ரேகை ஓடும் பலகை, ரேகை வழியே பிளக்கும். சிரியாவின் துரா யூரோப்பஸில் கிடைத்த ரோமக் கேடயம் மூன்று அடுக்குப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. ஒரு மீட்டருக்கு மேல் உயரம், தடிமன் 5, 6 மி.மீ.தான், ஆனால் லேசில் பிளக்காது. ஆகவே எதிரி இருபது பக்கப் பகடையில் 20 போட்டால் பலகைக் கேடயம் பிளக்கட்டும், அடுக்குக் கேடயத்துக்கு இரண்டாவது 20 வரை விடுங்கள். விளிம்பில் பச்சைத்தோல் தைக்காத கேடயமென்றால் 19-லேயே பிளக்கலாம். ஆனால் பிளந்த மரத்தில் வாள் சிக்கும். அதை உருவ எதிரிக்கு ஒரு சுற்று போகும்.