11 நாள் எதற்காகக் காத்திருந்தீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வேலைக்காக வேறு ஊரில் தனியாக இருக்கிறான். வாரம் ஒருமுறை போன் செய்வான், அதுவும் இரண்டு நிமிடம். எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில்தான் பதில். ஒரு காலத்தில் எல்லாவற்றையும் என்னிடம் சொன்ன பிள்ளை. அவன் பேங்க் கணக்கு பள்ளியில் படிக்கும்போது என் நம்பரைக் கொடுத்துத் திறந்தது, இன்றும் செலவு மெசேஜ் எனக்குத்தான் வரும். போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் கார்டு தேய்த்திருந்தான். அவனாகச் சொல்கிறானா பார்ப்போம் என்று 11 நாள் காத்திருந்தேன், சொல்லவில்லை. மனைவி பயந்துவிடுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை. பெற்றவர்களை அந்நியராக்கிவிட்டான். அவனைப் பேசவைப்பது எப்படி?

பதில்: ஐயா, மகன் பேசவில்லை என்ற புகாரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதற்கு வழக்கமாக ஒரு ஆறுதல் சொல்வார்கள், இந்த வயதில் அப்படித்தான் இருப்பார்கள், தானாகச் சரியாகிவிடும் என்று. உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுத் தாண்டிப்போன அந்த ஆஸ்பத்திரி விஷயத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். எதற்கு என்று தெரியாது. சாதாரணக் காய்ச்சலா, எங்காவது விழுந்து அடிபட்டுக்கொண்டானா, கூட யாராவது இருந்தார்களா, எதுவும் தெரியாது. போன் உங்கள் கையிலேயே இருக்கிறது, மெசேஜ் வந்ததே அதில்தான். அதை வைத்துக்கொண்டு 11 நாள் பரீட்சை நடத்தியிருக்கிறீர்கள்! நடுவில் அவனுடைய வாராந்திரப் போனும் வந்திருக்குமே, அப்போதும் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க வாய் வரவில்லையா? இத்தனைக்கும் அவனுக்கு என்ன ஆயிற்று என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. 11 நாள் கழித்தும் கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மனம் வெறுத்துப்போகவேண்டியது நீங்களா அவனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். செலவு மெசேஜ் உங்களுக்கு வருவது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆன்லைனில் எதையாவது வாங்கும்போது ஓடிபி எண்ணை உங்களிடம்தானே கேட்டு வாங்கியிருப்பான்? மறைக்க நினைத்திருந்தால் பணமாகவே கட்டியிருக்கலாம், நண்பனைக் கட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கொடுத்திருக்கலாம். உங்கள் போனில் மணி அடிக்கும் என்று தெரிந்தே அந்தக் கார்டைத் தேய்த்திருக்கிறான். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை நீட்டினானோ என்னவோ, நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அப்பா இப்போது கூப்பிடுவார் என்று அவனும் அங்கே போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால்? அவன் கணக்கில் அந்த 11 நாளுக்கு என்ன அர்த்தம்?

ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகள் சுமார் 700 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2000-ல் வந்தது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது பெற்றோருக்கு எப்படித் தெரியவருகிறது என்று பார்த்தார்கள். கண்காணித்தோ குடைந்து குடைந்து கேட்டோ தெரிந்துகொண்டதைவிட, பிள்ளைகள் தாங்களாக வந்து சொல்லித் தெரிந்ததுதான் அதிகம். 14 வயதிலேயே இப்படி என்றால், 24 வயதுக்காரனை மெசேஜை வைத்து எவ்வளவு தெரிந்துகொண்டுவிட முடியும்? எங்கே செலவழித்தான், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று தெரியும். அன்றைக்கு அவன் பயந்தானா என்று தெரியாது. பெரும்பாலான நாடுகளில் 18 வயதோடு மைனர் காலம் முடிந்துவிடுகிறது, நீங்கள் அதற்கப்புறமும் ஆறு வருடமாக அவன் செலவைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் அவன் என்ன பேசுவான்? பாதிதான் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறதே.

அவன் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. வளர்ந்த பிள்ளைக்கும் கடமை உண்டு என்று நம்புகிற ஆள் நான். உடம்பு முடியாமல் போனால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், சொல்லாமல் விடுவதைப் பெரிய சுதந்திரமாக நினைக்கக்கூடாது. அவன் எனக்கு எழுதியிருந்தால் அவனுக்கும் நன்றாகக் கிடைத்திருக்கும். எழுதியது நீங்கள். அதோடு, வீட்டில் முதலில் கையை நீட்டவேண்டியது மூத்தவர் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அப்புறம் உங்கள் மனைவி விஷயம். பயந்துவிடுவாள் என்று அவரிடமிருந்து மறைத்தீர்கள். அவனும் அதே காரணத்துக்காகத்தான் உங்களிடம் மறைத்திருப்பான் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? கெட்ட செய்தியை விழுங்கிவிட்டு "நல்லா இருக்கேன்" என்று சொல்லும் பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடி நீங்கள் வெகுதூரம் போகவேண்டாம். நீங்கள் செய்தால் அக்கறை, அவன் செய்தால் அந்நியமா?

சரி, செய்யவேண்டியதற்கு வருகிறேன். வாராந்திரப் போனுக்குக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே கூப்பிடுங்கள். "ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், அந்தக் கேள்விக்கு அவன் வாய் இன்னும் இறுகித்தான் போகும். "ஆஸ்பத்திரி மெசேஜ் அன்றைக்கே பார்த்தேன்பா, உடனே கூப்பிட்டிருக்கணும், கூப்பிடலை, தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தாலும் நடுவில் புகுந்து நிரப்பாதீர்கள். அவன் எதையும் சொல்லாமல் "பரவாயில்லைப்பா" என்று வைத்துவிட்டாலும் கோபித்துக்கொள்ளக்கூடாது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிடுங்கள், உடம்பை மட்டும் விசாரியுங்கள். கணக்கில் உங்கள் நம்பரை எடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கொடுக்கும்படியும் அவனிடம் சொல்லிவிடுங்கள், ஆனால் முதல் போனிலேயே சொல்லாதீர்கள், கோபத்தில் கைகழுவுகிறீர்கள் என்று நினைத்துவிடுவான்.

அவனைக் கூப்பிடுவதற்கு முன்னால் மனைவியை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லுங்கள். பயப்படுவார். அதற்கப்புறம், இத்தனை நாள் தெரிந்தும் சொல்லவில்லையா என்று உங்கள் மேல் பாய்வார். பதிலுக்கு எதுவும் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும், போனை எடுத்து மகனிடம் முதல் கேள்வியை உங்களுக்கு முன்னால் அவரே கேட்டுவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.