மூக்கும் முழியும் சரி, ஜாடை வரலையே!

எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பிரபலமான ஒருவரின் முகத்தை முப்பரிமாண மென்பொருளில் அச்சு அசலாகக் கொண்டுவருவது எப்படி என்பதைச் சுற்றித்தான் எல்லாக் கேள்விகளும் இருக்கின்றன.

எம்.ஜி.ஆரின் பூர்வீகத் தொடர்புள்ள வடவன்னூர் எங்களுக்குப் பக்கம்தான். நூலக ஆண்டு விழாவுக்காக அவர் முகத்தை டாஸ் ஸ்டுடியோ என்ற முப்பரிமாண மென்பொருளில், அதற்கான ஜெனிசிஸ் 9 என்ற மனித உருவத்தை வைத்துச் செய்கிறேன். கண், மூக்கு, தாடைக் குழி எதைத் தனியாகப் பார்த்தாலும் அவர்தான். மொத்தமாகப் பார்த்தால் அவருக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

முதலில் உங்கள் கையில் இருக்கும் படங்களை வயதுவாரியாகப் பிரியுங்கள். கதாநாயகனாக நடித்த காலத்துப் படத்தையும் முதல்வராக இருந்த காலத்துப் படத்தையும் கலந்து வைத்துச் செய்தால் இரண்டு வயதுக்கும் பொருந்தாத ஒரு முகம்தான் வரும். ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் எடுத்த படங்களாக நான்கைந்து போதும். நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, முக்கால் பக்கம் இரண்டு.

அடுத்தது தூரம். பெரும்பாலும் ஜாடை தப்புவது இங்கேதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே முன்பின்னாக ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கிறது. கேமரா 40 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 52 செ.மீ. தள்ளி இருக்கும். அப்போது காதோடு ஒப்பிட மூக்கு 1.3 மடங்கு பெரிதாக விழும். அதே முகத்தை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கணக்கு 1.06 மடங்குதான். ஸ்டுடியோவில் தள்ளி நின்று எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டு, திரையில் கேமராவை முகத்துக்கு ஒட்டி வைத்து, முக அமைப்பை மாற்றும் டயலைத் திருப்பினால் என்ன ஆகும்? மூக்கு பெரிதாகத் தெரிகிறதே என்று நீங்கள் அதைச் சிறிதாக்குவீர்கள், காதை வெளியே இழுப்பீர்கள். உறுப்பு ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் ஆள் மாறிப் போவதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கேமரா போடுங்கள். ஸ்டுடியோப் படம் என்றால் 85 மி.மீ. லென்ஸ், தலையிலிருந்து 2 மீட்டர் தூரம் என்று ஆரம்பிக்கலாம். நேர்முகப் படத்தில் இரண்டு காதும் கன்னத்துக்கு வெளியே நன்றாகத் தெரிந்தால் கேமரா தள்ளி இருந்திருக்கிறது. காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்து மூக்கு துருத்தினால் கிட்டத்தில் எடுத்தது. தூரம் பொருந்தியதும் கேமராவைப் பூட்டிவிடுங்கள். அதன்பிறகு அதை அசைக்கவே கூடாது.

அளவெடுக்கக் கருவிழியைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வளர்ந்தவர்களுக்குக் கருவிழியின் குறுக்களவு ஏறக்குறைய 11.7 மி.மீ.; ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. நேர்முகப் படத்தில் கருவிழி 60 பிக்செல் அகலம் என்று வையுங்கள். மூக்கின் அகலம் எத்தனை கருவிழி, வாயின் அகலம் எத்தனை, ஒரு கண்பாப்பாவிலிருந்து மற்றக் கண்பாப்பாவுக்கு எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அதே எண்ணிக்கை உங்கள் உருவத்திலும் வர வேண்டும். கருவிழி 40 பிக்செலுக்குக் குறைவான படத்தில் இந்த வேலை வேண்டாம். அதில் ஒரு பிக்செல் பிசகினாலே 2.5 சதவீதம் பிழை வந்துவிடும்.

டயல் திருப்புவதிலும் வரிசை உண்டு. மண்டையின் அகலம் உயரம், தாடை எலும்பு, கன்ன எலும்பு, புருவ மேடு, கண்குழியின் ஆழம். இவை அமைந்த பிறகுதான் மூக்கு, பிறகு வாய், கடைசியில் இமை. ஆசையோடு கண்ணிலிருந்து தொடங்குபவர்கள் பின்னால் மண்டையை மாற்றும்போது அந்தக் கண்ணைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒரே டயலை 100 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். உதட்டோரமும் இமையோரமும் கசங்கும். தேவைப்பட்டால் இரண்டு மூன்று கதாபாத்திர மார்ஃப்களை (ஆயத்த முக மாற்றங்களை) 20, 30 சதவீதம் கலந்துகொள்ளலாம்.

முக்கால்வாசி வேலை முடிந்ததும் சிமெட்ரியை (இரண்டு பக்கமும் ஒன்றுபோல் மாறும் வசதியை) அணைத்துவிடுங்கள். எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு புருவம் சற்று ஏறியிருக்கும், வாயின் ஒரு ஓரம் தாழ்ந்திருக்கும். அதற்கு முன் படம் இடவலம் மாறி அச்சானதா என்று பாருங்கள். பழைய பத்திரிகைகளில் இது உண்டு. சட்டைப் பை அவருடைய வலப்பக்க மார்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கடைசிவரை மாட்டாதீர்கள். அவை இரண்டையும் போட்டுவிட்டால் யார் முகமும் எம்.ஜி.ஆர். போலத்தான் தெரியும், உங்கள் கண் உங்களை ஏமாற்றிவிடும். வெறும் சாம்பல் நிறக் களிமண் போல, தோலும் முடியும் இல்லாமல் வைத்து ஜாடை வர வேண்டும்.

கலைவாணர் என்.எஸ்.கே. எங்கள் ஊர்க்காரர். கிடைக்கும் படமெல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாவற்றிலும் சிரிக்கிறார். சாதாரண முகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், நாகர்கோவில்

கண்டுபிடிக்க வேண்டாம். சிரிப்பையே முதலில் செய்யுங்கள்.

சிரிக்கும்போது கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளுகிறது, கண் சுருங்குகிறது, மூக்குமடல் அகலமாகிறது, மேலுதடு மெலிந்து பல்லோடு ஒட்டுகிறது. சிரிக்கும் படத்தைப் பார்த்துச் சிரிக்காத முகத்தைச் செதுக்கினால் இந்த மாற்றமெல்லாம் எலும்பிலேயே ஏறிவிடும். சின்னக் கண்ணும் அகல மூக்கும் கொண்ட வேறு யாரோ ஒருவர் வந்து நிற்பார். அவருக்குச் சிரிப்பு டயலைப் போட்டால் எல்லாம் இரட்டிப்பாகி விகாரமாகும்.

அதனால் சிரிப்பு டயலைப் படத்தில் உள்ள அளவுக்கு முதலில் ஏற்றிவிடுங்கள். கீழிமை எவ்வளவு ஏறியிருக்கிறது, மேல்வரிசைப் பல் எத்தனை தெரிகிறது என்ற இரண்டும் அந்த அளவைச் சொல்லும். அந்த நிலையிலேயே முக அமைப்பு டயல்களைத் திருப்பிப் படத்தோடு பொருத்துங்கள். பிறகு சிரிப்பைச் சுழியத்துக்கு இறக்கினால் சாதாரண முகம் தானாக வரும். வந்ததும் மூக்கும் வாயும் மனித அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து, சிரிப்பை மறுபடி ஏற்றி ஒப்பிடுங்கள். நான்கைந்து முறை ஏற்றி இறக்க வேண்டிவரும். பல்லையும் மறக்காதீர்கள். சிரிக்கும் முகத்தில் ஜாடையின் பெரும்பங்கு பல்லில்தான் இருக்கிறது. மென்பொருளோடு வரும் பல் சீப்பு போல நேராக இருக்கும். அப்படியே விட்டால் ஆள் மாறிவிடும்.

நிறத்தைப் பற்றி: கறுப்பு வெள்ளைப் படத்தில் உள்ள வெளிச்சம் மேக்கப்புக்கும் விளக்குக்கும் உரியது, தோல் நிறத்துக்கான சான்று அல்ல. உருவத்தையும் கறுப்பு வெள்ளையிலேயே ரெண்டர் செய்வதுதான் (இறுதிப் படமாக்குவதுதான்) நேர்மையாக இருக்கும். பார்ப்பவர் மனதில் அவர் அப்படித்தான் பதிந்திருக்கிறார்.

பிளெண்டர் என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருளில் செதுக்கிய முகத்தை டாஸ் ஸ்டுடியோவில் ஏற்றினால் உருவம் பொருந்தவில்லை என்று மறுக்கிறது. ஒரு தடவை ஏறியது, ஆனால் கண்ணைத் திருப்பினால் விழி இமையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.
– வாசகர், செங்கோட்டை

இரண்டு வேறு கோளாறுகள்.

முதலாவதுக்குக் காரணம் மெஷ் (உருவத்தின் வலைப்பின்னல்) புள்ளிகள். மார்ஃப் என்பது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்ந்தது என்ற பட்டியல்தான். புள்ளிகளின் எண்ணிக்கை மாறினால் மென்பொருள் ஏற்காது. எண்ணிக்கை சரியாக இருந்து வரிசை மட்டும் மாறினால் ஏற்கும், ஆனால் முகம் கசக்கிய காகிதம் போல ஆகும். டாஸிலிருந்து வெளியே எடுக்கும்போது உருவத்தை அடிப்படை ரெசல்யூஷனுக்கு மாற்றுங்கள். நிற்கும் நிலையைச் சுழியமாக்குங்கள், முடியையும் உடையையும் மறைத்துவிடுங்கள். வெளியே எடுக்கும்போது தேர்ந்த அளவு முறையையே உள்ளே ஏற்றும்போதும் தேருங்கள். டாஸில் ஒரு அலகு 1 செ.மீ., பிளெண்டரில் 1 மீட்டர். மாற்றித் தேர்ந்தால் உருவம் நூறு மடங்கு பெருக்கும் அல்லது சிறுக்கும். பிளெண்டரில் இழுக்கும் பிரஷ், வழவழப்பாக்கும் பிரஷ் இரண்டும் போதும். ரீமெஷ், டைன்டோப்போ, நெருங்கிய புள்ளிகளை இணைப்பது ஆகிய மூன்றும் புள்ளிகளையே மாற்றிவிடும், கூடவே கூடாது. ஏற்கெனவே சில டயல்கள் ஏறியிருந்த உருவத்தை எடுத்துச் செதுக்கியிருந்தால், டாஸில் மார்ஃபை ஏற்றும் மார்ஃப் லோடர் புரோவில் ரிவர்ஸ் டிஃபர்மேஷன்ஸ் என்பதை ஆம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் அந்த டயல்களின் மாற்றம் இரண்டு தடவை கூடிவிடும்.

இரண்டாவது, கண். முகத்தை மாற்றினீர்கள், கண்ணுக்குரிய எலும்பு (உருவத்தை அசைக்கும் உள்கூட்டின் பகுதி) பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால் விழி பழைய மையத்தைச் சுற்றித் திரும்புகிறது. மார்ஃபை 100 சதவீதத்தில் வைத்து, ஜாயின்ட் எடிட்டர் வழியாக அட்ஜஸ்ட் ரிக்கிங் டு ஷேப் கொடுங்கள், எலும்பு புதிய முகத்துக்கு ஏற்ப நகரும். அடுத்து அந்த மார்ஃபுக்கு இ.ஆர்.சி. ஃப்ரீஸ் (எலும்பின் புதிய இடத்தை மார்ஃபோடு கட்டிவைப்பது) செய்து, பிறகுதான் சேமிக்க வேண்டும். ஜெனிசிஸ் 9-ல் கண், வாய், இமைமுடி எல்லாம் தனித்தனி உருவங்களாக உடலோடு பொருத்தப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். விழியைச் செதுக்கவே செதுக்காதீர்கள். அது ஏறக்குறைய 24 மி.மீ. உருண்டை, முழுதாக நகர்த்தலாம், நசுக்கக் கூடாது.

எங்கள் பக்கத்து மாநிறம் வரமாட்டேன் என்கிறது. வெள்ளைத் தோல் டெக்ஸ்சரை (உருவத்தின் மேல் போர்த்தும் படத்தை) கருமையாக்கினால் சாம்பல் பூசியது போலவும், இல்லாவிட்டால் மெழுகுப் பொம்மை போலவும் இருக்கிறது.
– வாசகர், நகரி

டெக்ஸ்சரின் வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தே செத்துப்போகும், சாம்பல் அப்படித்தான் வருகிறது. கருமையாக்கும்போது சிவப்பு, மஞ்சள் செறிவைச் சற்றுக் கூட்டுங்கள். முகம் முழுக்க ஒரே நிறம் கிடையாது. நம் தோலில் கண்ணைச் சுற்றியும் வாயோரமும் நெற்றி ஓரமும் ஒரு படி கருமை. கன்னத்திலும் மூக்கின் மேலும் சற்று வெளிர். உள்ளங்கை இன்னும் வெளிர். இதை மெல்லிய பிரஷ்ஷால் கையால் வரைந்தால்தான் வரும்.

மெழுகுத்தன்மைக்குக் காரணம் தோலுக்குள் ஒளி பரவும் அளவு. பிளெண்டரில் அந்தப் பரவலின் ஆரம்ப எண்கள் சிவப்புக்கு 1, பச்சைக்கு 0.2, நீலத்துக்கு 0.1. இந்த விகிதம் நல்லதுதான். மொத்தப் பரவல்தான் அதிகமாக இருக்கும். உண்மையான தோலில் அது மில்லிமீட்டர் கணக்கு. காது மடலின் விளிம்பில் மட்டும் லேசாகச் சிவப்பு தெரியும்வரை குறையுங்கள்.

கருந்தோலை உயிரோடு காட்டுவது அதன் பளபளப்பு. ஐ.ஓ.ஆர். (ஒளிவிலகல் எண்) 1.4 வையுங்கள். ரஃப்னஸ் (சொரசொரப்பு) கன்னத்தில் 0.45 அளவிலும் நெற்றி, மூக்கு நுனியில் 0.35 அளவிலும் தொடங்கிப் பாருங்கள். ரஃப்னஸ் படத்தையும், மேடுபள்ளம் காட்டும் பம்ப், நார்மல் படங்களையும் நான்–கலர் (நிறமல்லாதது) என்று குறிக்க மறக்காதீர்கள். நிறப்படமாக விட்டால் எல்லா எண்ணும் வளைந்துபோய், எதைத் திருத்தினாலும் பிடிபடாது.

பிரபலத்தின் புகைப்படத்தை அப்படியே முகத்தில் ஒட்டுவது வேண்டாம். அதில் உள்ள மூக்கின் நிழல் தோலிலேயே தங்கிவிடும். நீங்கள் விளக்கை இடப்பக்கம் மாற்றினாலும் அது வலப்பக்கமே கிடக்கும்.

8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் ரெண்டர் மணிக்கணக்கில் ஓடுகிறது.
– வாசகர், பாறசாலை

நினைவகம் நிரம்பி, வேலை கார்டிலிருந்து பிராசஸருக்குப் போயிருக்கும். அகலமும் உயரமும் 4096 பிக்செல் உள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்காத நிலையில் 48 எம்பி பிடிக்கும். 16 படம் கொண்ட ஒரு தோல் 768 எம்பி. முகம் மட்டும் தெரியும் படத்துக்கு உடல், கால் டெக்ஸ்சர்களை 1024 ஆக்கினால் ஒவ்வொன்றும் 3 எம்பிதான். சப்டிவிஷன் (மெஷ்ஷை இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பது) ஒரு படி ஏறினால் மெஷ்ஷின் சிறு கட்டங்கள் நான்கு மடங்கு. 2 அல்லது 3 போதும். ஒருமுறை பிராசஸருக்குப் போய்விட்டால் மென்பொருளை மூடித் திறந்துவிட்டு ரெண்டர் போடுங்கள். டாஸின் ரெண்டர் கருவியான ஐரே கார்டில் ஓட என்விடியா கார்டுதான் வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

திருமண அழைப்பு வீடியோவில் இப்போது நடித்துக்கொண்டிருக்கும் நடிகரின் உருவத்தைச் செய்து காசு வாங்கலாமா? மென்பொருளுக்கும் மார்ஃபுக்கும் பணம் கட்டித்தான் வாங்கியிருக்கிறேன்.
– வாசகர், குப்பம்

கூடாது. நீங்கள் கட்டிய பணம் மெஷ்ஷுக்கும் டெக்ஸ்சருக்கும் உரியது. அந்த மனிதரின் முகத்துக்கு உரியது அல்ல. 2015-ல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் பிரபலத்துக்குத் தன் பெயர், உருவம் மீது உள்ள உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. அமிதாப் பச்சனுக்கு 2022-லும் அனில் கபூருக்கு 2023-லும் டெல்லி உயர் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. கடை விளம்பரம், அழைப்பிதழ், தேர்தல் பிரச்சாரம் என்று எதுவானாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். பயிற்சிக்காகச் செய்து உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்வது வேறு. வெளியே காட்டினால் இது கணினி உருவம் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். ஒருவரின் முகத்தை ஆபாசத்தில் பொருத்திப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். அப்படிக் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிரபலம் என்றாலும் அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

ஜாடை வந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வது? பார்த்துப் பார்த்து எனக்கே பழகிவிட்டது.
– வாசகர், களியக்காவிளை

படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், தலைகீழாகவும் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் அப்போது தெரியும். பிறகு கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவிலும் ஆள் தெரிய வேண்டும். கடைசியாக, முடியில்லாத சாம்பல் உருவத்தைக் கைப்பேசியில் வைத்து, வேலையைப் பற்றி எதுவும் தெரியாத மூன்று நான்கு பேரிடம் காட்டுங்கள். "இவர் மாதிரி இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் மரியாதைக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "இது யாரு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வர ஐந்து விநாடிக்கு மேல் ஆனால், கேமரா தூரத்தையும் மண்டை அகலத்தையும் மறுபடி அளந்து பாருங்கள்.