கோர்சிகா கடற்கரை வீடு: மூன்றாம் நாளே வெளியேறிவிட்டோம், முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். போன ஆகஸ்ட்டில் கோர்சிகாவில் சென்-ஃப்ளோரான் வளைகுடாவின் மேற்குப் பக்கம், அக்ரியாத் என்ற புதர்க்காட்டுப் பகுதியை ஒட்டிய சரிவில் ஒரு பழைய கல்வீட்டை ஒரு வாரத்துக்கு 3,200 யூரோவுக்கு எடுத்தோம். சொந்தக்காரரிடமே நேரடியாகப் பேசி, முழு வாடகையும் முன்கூட்டியே கட்டிவிட்டோம். சேதம் ஏற்பட்டால் ஈடுகட்ட 800 யூரோவுக்கு கோசியோன் (பிணைத்தொகை) காசோலையும் கொடுத்தோம். 'கடற்கரை 80 மீட்டர்' என்றார்கள். போய்ப் பார்த்தால் புதர்க்காட்டுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் 650 மீட்டர். முழங்கால் வலி உள்ள மாமியால் ஒரு நாள்கூட கடலுக்கு இறங்க முடியவில்லை. கரையெல்லாம் அழுகிய பாசி நாற்றம். முதல் இரவு குழாயில் தண்ணீர் இல்லை. போனுக்கு சிக்னல் இல்லை. சமையலறையில் இரண்டே அடுப்பு என்பதால் ஒன்பது பேருக்கும் முற்றத்தில் விறகடுப்பு மூட்டித்தான் சமைத்தோம். சொந்தக்காரர் மரியாதை இல்லாமல் பேசினார். மூன்றாம் நாள் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு பஸ்தியாவிலிருந்து கப்பலேறி வந்துவிட்டோம். இப்போது அவர் கோசியோன் காசோலையையும் மாற்றிவிட்டார். வாடகை, கோசியோன், கப்பல் டிக்கெட் மாற்றிய 640 யூரோ, மன உளைச்சலுக்கு 5,000 எல்லாவற்றையும் கேட்டு வழக்குப் போட விரும்புகிறோம். ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல், 43 படங்கள் அனுப்பியுள்ளேன்.

பதில்:

அனுப்பியதை எல்லாம் படித்தேன். மாமியைக் கூட்டிப்போய் கடல் காட்ட முடியாமல் திரும்பியது உங்களுக்கு எவ்வளவு வருத்தம் என்று புரிகிறது. ஆனால் வீட்டைப் பற்றி நீங்கள் சொல்லும் குறைகளில் சட்டத்தின் முன் நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் உள்ள ஒரு சொல்.

பிரான்சில் விடுமுறை வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வீட்டின் விவரப் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் 'பிளாஜ், 80 மீட்டர்' என்று இருக்கிறது. பிளாஜ் என்றால் மணல் கரை, மக்கள் இறங்கிக் குளிக்கும் இடம். அவர் 'மேர்', அதாவது 'கடல், 80 மீட்டர்' என்று எழுதியிருந்தால், வீட்டுக்குக் கீழே உள்ள பாறை வரை நேர்கோட்டில் அளந்து காட்டிவிட்டுப் போயிருப்பார். நானும் கோப்பை மூடி வையுங்கள் என்று சொல்லியிருப்பேன். பிளாஜ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். 80-க்கும் 650-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நீதிபதியும் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டார்.

மற்றவற்றை விட்டுவிடுங்கள். கரையில் கிடந்தது பாசி அல்ல, பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலைகள். மத்தியதரைக் கடலின் இந்தப் புல் பிரான்சில் 1988 முதல் பாதுகாக்கப்பட்ட தாவரம். அலை கரையை அரித்துக்கொண்டு போகாமல் அந்த இலைக் குவியல்தான் தடுக்கிறது. கரை அரசின் சொத்து, அங்கே கிடப்பதற்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை. தண்ணீர் மறுநாள் காலை வந்துவிட்டது என்று உங்கள் செய்தியிலேயே இருக்கிறது. சிக்னல் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் கடுமையாகப் பேசியதற்கு விலை கிடையாது.

தூரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு இதைச் சொல்லும். கெடாத கடற்கரை வேண்டும் என்றுதான் நீங்கள் அந்த இடத்தைத் தேடிப் போனீர்கள். அந்தக் கரை கெடாமல் இருப்பதற்குக் காரணமே வீடுகள் தள்ளி இருப்பதுதான். 1986-ன் கடற்கரைச் சட்டப்படி, ஊராக வளர்ந்த பகுதிக்கு வெளியே கடலிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. அதற்கும் முன்பே, 1975-ல் உருவான கடற்கரைக் காப்பு நிறுவனம் அக்ரியாத் கரையின் பெரும்பகுதியை வாங்கி, கட்டடம் வராமல் காத்துவருகிறது. அதனால் அந்தப் பக்கம் மணலை ஒட்டிய வீடு என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் அனுப்புமுன் வரைபடத்தில் அளந்து பார்க்க வேண்டும். நீங்கள் அளக்காதது உங்கள் உரிமையைப் பறிக்காது. 'இந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துதானே எடுத்தார்கள்' என்று அவர் வாதாட அது இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

சரி, வழக்குக்கு அடிப்படை இருக்கிறது. ஆனாலும் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் வெளியேறிய விதம்தான் காரணம்.

எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றம் போகாமலேயே ஒப்பந்தத்தை முறிக்க பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1226-ம் பிரிவு வழி தருகிறது. ஆனால் அந்தப் பிரிவே 'தன் சொந்த ஆபத்தில்' என்று சொல்லித்தான் தருகிறது. அவசரம் என்றால் ஒழிய, முதலில் எழுத்தில் எச்சரிக்க வேண்டும், பிரெஞ்சில் மீஸ் ஆன் துமர் என்பார்கள். குறை இது, இத்தனை மணிக்குள் வழி செய்யுங்கள், இல்லையென்றால் ஒப்பந்தத்தை முறிக்கிறேன் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். பதிவுத் தபாலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தெளிவாக எழுதிய மின்னஞ்சலும் போதும். உங்கள் வாட்ஸ்அப்பில் 31 செய்திகள் இருக்கின்றன. கோபம் இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, குரல் பதிவுகள் இருக்கின்றன. 'வழி செய்யுங்கள், இல்லையென்றால் முறிக்கிறேன்' என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

'கடற்கரையை அவரால் பக்கத்தில் கொண்டுவர முடியாதே, எச்சரித்து என்ன பயன்' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வாதம். எச்சரிக்கை வீண் என்று சூழ்நிலையே காட்டும்போது அது தேவையில்லை என்று பிரான்சின் உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ஆனால் இரண்டாம் நாள் இரவு 9.14-க்கு அவர் உங்களுக்கு அனுப்பிய செய்தியை மறுபடி படியுங்கள். உங்கள் மாமியைத் தினமும் காரில் வேறொரு கரைக்குக் கூட்டிப்போகிறேன், அல்லது சென்-ஃப்ளோரானில் கரையை ஒட்டிய என் உறவினர் வீட்டைப் பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் பதிலே போடவில்லை. மறுநாள் மதியம் சாவி பூந்தொட்டிக்கு அடியில். நீதிபதி இதை எப்படிப் படிப்பார்? வீட்டுக்காரர் மாற்று வழி காட்டினார், வாடகைக்காரர் சொல்லாமல் போய்விட்டார் என்றுதான். அந்தச் செய்தி ஒன்றே உங்கள் 'முழுப் பணம்' கோரிக்கையை முடித்துவிடும்.

என்னிடம் வரும் விடுமுறை வீட்டு வழக்குகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். குறை உண்மையாக இருக்கும். மனம் நொந்து பெட்டியைக் கட்டுவார்கள். பெட்டி கட்ட இரண்டு மணி நேரம் ஆகும், ஐந்து வரி எழுத ஐந்து நிமிடம் ஆகாது, யாரும் எழுத மாட்டார்கள். வீட்டில் தங்கிக்கொண்டே எழுதியவர்கள் ஏதாவது ஒரு தொகை வாங்கியிருக்கிறார்கள். கிளம்பி வந்த பிறகு எழுதியவர்கள் பெரும்பாலும் செலவு மட்டும்தான் செய்தார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். சாட்சியம் என்று நீங்கள் அனுப்பிய 43 படங்கள். ஒப்பந்தத்தில் 'அதிகபட்சம் 6 பேர், குழந்தைகள் உட்பட' என்று இருக்கிறது. படத்தில் எண்ணினால் ஒன்பது பேர். நம் குடும்பங்களில் விடுமுறை என்றால் தம்பி குடும்பமும் சேர்ந்து வருவது இயல்பு, பிள்ளைகள் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார்கள், அதில் தப்பு என்ன என்று கேட்பீர்கள். எனக்குப் புரியும். ஆனால் ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள் என்று அந்தப் படங்களை வைத்தே அவருடைய வழக்கறிஞர் சொல்வார். தண்ணீர் தீர்ந்ததற்கும் அதையே காரணமாகக் காட்டுவார்.

விறகடுப்பு படம் இருக்கிறதே, அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆகஸ்ட் மாத கோர்சிகா, சுற்றிலும் காய்ந்த மாக்கி புதர்க்காடு, மூன்று கல் வைத்து மூட்டிய தீ. கோடையில் அந்தப் புதர்க்காட்டிலும் அதைச் சுற்றி 200 மீட்டருக்குள்ளும் தீ மூட்ட அரசு ஆணையால் தடை உண்டு, வீட்டுக்காரருக்கே தடை. ஒரு காற்று அடித்திருந்தால் நாம் இப்போது வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். வாடகைக்கு இருக்கும் வீடு எரிந்தால், தன் தவறில்லை என்று வாடகைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும், சிவில் சட்டம் 1733 அதைத்தான் சொல்கிறது. உங்கள் வீட்டுக் காப்பீட்டில் விடுமுறை வீட்டுக்கான பகுதி, வில்லெஜியாத்தூர் என்பார்கள், இருக்கிறதா என்றுகூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தப் படத்தை எந்த நீதிமன்றத்திலும் நீங்களாகவே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கோசியோன் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. நுழையும்போது வீட்டு நிலையை எழுதவில்லை, எத்தா தே லியே இல்லை, அதனால் அவரால் எதையும் பிடிக்க முடியாது என்று நினைக்கிறோம். சட்டம் நேர்மாறாக இருக்கிறது. 1731-ம் பிரிவின்படி, எழுதாவிட்டால் வீட்டை நல்ல நிலையில் பெற்றதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். நீங்களோ வெளியேறும்போதும் யாரையும் கூப்பிட்டுக் காட்டாமல் வந்துவிட்டீர்கள். ஆனாலும் 800 யூரோவையும் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. எது உடைந்தது, எவ்வளவு செலவு என்று ரசீதோடு காட்டச் சொல்லுங்கள். இதில் உங்கள் பிடி நன்றாகவே இருக்கிறது.

முன்பணத்துக்கு இரட்டிப்பு கிடைக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது 'ஆர்' என்று எழுதி வாங்கிய முன்பணத்துக்கு, அதுவும் வீட்டுக்காரர் முன்கூட்டியே ரத்து செய்தால்தான். உங்கள் ஒப்பந்தத்தில் 'அகோன்த்', அதாவது விலையின் ஒரு பகுதி என்று இருக்கிறது, வீட்டுக்குள்ளும் போய்விட்டீர்கள். அந்தப் பேச்சே வேண்டாம்.

கேட்கும் தொகைக்கு வருவோம். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 9,640 யூரோ. மன உளைச்சல் என்று 5,000 போட்டால் நீதிபதி மிஞ்சிப்போனால் சில நூறு கொடுப்பார், அதோடு மற்றக் கோரிக்கைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார். 5,000-க்குள் நின்றால் முதலில் கொன்சிலியாத்தரிடம், அதாவது சமரசம் பேசிவைப்பவரிடம் போக வேண்டும், அது இலவசம், போகாமல் வழக்குப் போட்டால் ஏற்கவே மாட்டார்கள். வழக்கு நடப்பதும் வீடு இருக்கும் இடத்தில், பஸ்தியா பக்கம். தோற்றால் அவருடைய வழக்கறிஞர் செலவில் ஒரு பங்கையும் உங்கள் தலையில் கட்டலாம்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். தயங்கிக்கொண்டு சொல்லவில்லை, என் அக்கா கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். இந்த வாரமே ஒரு பதிவுத் தபால் எழுதுங்கள். நாற்றம், தண்ணீர், மரியாதை எதுவும் அதில் வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் பிளாஜ் 80 மீட்டர் என்று இருக்கிறது, உண்மையில் 650 மீட்டர், அதனால் வாடகையில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து 800 யூரோ தாருங்கள், கோசியோன் 800-ஐயும் திருப்புங்கள் அல்லது ரசீது காட்டுங்கள் என்று மட்டும் எழுதுங்கள். பணம் கட்டியான பிறகும் விலையைக் குறைக்கச் சொல்லி நீதிபதியிடம் போகலாம் என்று 1223-ம் பிரிவு சொல்கிறது, அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். 15 நாள் தவணை கொடுங்கள். எத்தனை பேர் தங்கினீர்கள் என்று நீங்களாக எழுத வேண்டாம், அவர் கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம். பேசும்போது 1,200-க்கு இறங்கினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் 1,000-க்கும் சம்மதிப்பேன். ஒப்புக்கொண்டால் இரு தரப்பும் இனி எதையும் கோர மாட்டோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆள் கணக்கையோ அடுப்பையோ சொல்லி அவர் பிற்பாடு உங்களிடம் பணம் கேட்காமல் இருக்க அந்தத் தாள்தான் உங்களுக்குக் காவல். வாய்ப்பேச்சோடு பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மச்சான் அவருடைய பெயரையும் வீட்டுப் படத்தையும் போட்டு 'கள்ளன்' என்று முகநூலில் எழுதியதாக. பொதுவெளியில் பெயர் சொல்லி அவமதித்தால் 1881-ன் பத்திரிகைச் சட்டப்படி 12,000 யூரோ வரை அபராதம் உண்டு. பதிவு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம், அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. இன்றிரவே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகுதான் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட வேண்டும்.